புது வீட்டில் கண் எரிச்சல்: ஏர் பியூரிஃபையரில் இருக்கும் கரி வடிகட்டி உண்மையிலேயே உதவுமா?

சதுப்புநிலம் | மார்ச் 3, இரவு 10.40

பள்ளிக்கரணையில் மூன்றாவது மாடியில் ஃபிளாட் வாங்கித் தை மாதம் பால் காய்ச்சினோம். அம்மாவின் அறையில் சுவர் முழுக்க அலமாரி, சமையலறையில் மாடுலர் கிச்சன், எல்லாமே புதிது. முதல் மூன்று வாரம் பெயின்ட், பசை, தின்னர் எல்லாம் கலந்த வாடை வீட்டை நிறைத்திருந்தது. மெல்லக் குறைந்து இப்போது மூக்குக்கு ஒன்றும் தெரிவதில்லை.

ஆனால் அம்மாவுக்குக் கண் எரிச்சல் நிற்கவில்லை. வயது 71. விடியற்காலையில் எழும்போதே கண் சிவந்திருக்கிறது, தொண்டை அரிக்கிறது, வறட்டு இருமல் வருகிறது. தாம்பரத்தில் அண்ணன் வீட்டுக்கு இரண்டு நாள் போனால் எல்லாம் சரியாகிவிடுகிறது. திரும்பி வந்த மறுநாளே மீண்டும் தொடங்குகிறது.

"வாயுக்களை நீக்கும் கார்பன் வடிகட்டி உண்டு" என்று போட்டிருந்ததை நம்பி ஒரு ஏர் பியூரிஃபையர் வாங்கினோம். எப்போது பார்த்தாலும் பச்சை விளக்கு எரிகிறது, எண் 12 என்று காட்டுகிறது. எரிச்சல் மட்டும் அப்படியே. இன்று பின்மூடியைக் கழற்றிப் பார்த்தேன். கரி என்று அவர்கள் சொன்னது, பாத்திரம் தேய்க்கும் பஞ்சைவிட மெல்லிய ஒரு கறுப்புத் துணி. இதற்கா இத்தனை பணம் கொடுத்தோம் என்று மனம் கசந்துவிட்டது.

ஜன்னலைத் திறந்துவைக்கலாம் என்றால், சில இரவுகளில் பெருங்குடி குப்பைமேட்டுப் பக்கத்திலிருந்து புகைவாடை வருகிறது. 2022 ஏப்ரலில் அங்கே தீப்பிடித்துப் பல நாள் எரிந்ததை மறக்க முடியுமா? இந்தக் கரி வடிகட்டி என்பது பயனுள்ள பொருளா, வெறும் விளம்பரமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

மாடித்தோட்டம் | மார்ச் 3, இரவு 11.15

சகோதரி, இயந்திரத்தை விடுங்கள். கற்றாழை, மணி பிளான்ட், பாம்புக் கற்றாழை என ஏழெட்டுத் தொட்டிகளை அறையில் வையுங்கள். செடிகள் காற்றைச் சுத்தம் செய்யும் என்று நாசாவே ஆய்வு செய்து சொல்லியிருக்கிறது. கூடவே மூங்கில் கரி நிரப்பிய சிறு பைகள் விற்கிறார்கள், அலமாரிக்குள் இரண்டு தொங்கவிடுங்கள். மாதம் ஒருமுறை வெயிலில் காயவைத்தால் ஆண்டுக்கணக்கில் உழைக்கும்.

---

தொட்டிக்கரி | மார்ச் 4, காலை 6.50

நான் காங்கேயம் பக்கத்துக்காரன். ஆக்டிவேட்டட் கார்பன் தயாரிக்கும் ஆலை ஒன்றின் ஆய்வுக்கூடத்தில் பதினான்கு ஆண்டுகளாக வேலை செய்கிறேன். என் சோற்றுக்கு வழி இந்தக் கரிதான். ஆகவே அதன் பெருமையையும் எல்லையையும் மறைக்காமல் சொல்ல வேண்டிய கடமை எனக்கு இருக்கிறது.

பச்சை விளக்கைப் பற்றி முதலில். அந்த எண் காற்றில் மிதக்கும் நுண்துகளை மட்டும் காட்டுகிறது. அதாவது பி.எம். 2.5. வாயுவை அந்தக் கண் பார்க்காது. உங்கள் இயந்திரத்தில் இருக்கும் ஹெப்பா வடிகட்டி, 0.3 மைக்ரான் அளவுத் துகளில் 99.97 விழுக்காட்டைப் பிடிக்கும். ஆனால் ஒரு வாயு மூலக்கூறு அதைவிட ஆயிரம் மடங்கு சிறியது, ஹெப்பாவின் இழைகளுக்கு நடுவே தடையின்றிப் போய்விடும். வாயுவுக்குக் கரிதான் வேண்டும்.

கரி எப்படி வேலை செய்கிறது? எங்கள் ஊரில் தேங்காய்த் தொட்டி என்போம், சென்னையில் நீங்கள் கொட்டாங்குச்சி என்பீர்கள். அதைக் காற்றுப் படாமல் சுட்டால் தொட்டிக்கரி. அந்தக் கரியை 900 டிகிரி அளவு வெப்பத்தில் வைத்து நீராவியைச் செலுத்தினால், நீராவி கரியை உள்ளிருந்து அரித்து எண்ணற்ற நுண்துளைகளை உண்டாக்குகிறது. போட்ட கரியில் பாதிக்கு மேல் இப்படியே வாயுவாகிப் போய்விடும். மிஞ்சும் இந்த ஆக்டிவேட்டட் கார்பனில் ஒரு கிராமை எடுத்து, அதிலுள்ள துளைச் சுவர்களையெல்லாம் விரித்துப் போட முடியுமானால் சுமார் 1,000 சதுர மீட்டர் வரும். எங்கள் கணக்கில் 25 சென்ட் நிலம். ஒரு சிட்டிகைக் கரிக்குள் 25 சென்ட்!

தேங்காய்த் தொட்டிக்குத் தனிச் சிறப்பு உண்டு. நிலக்கரியிலிருந்தோ மரத்திலிருந்தோ செய்த கரியைவிட இதில் 2 நானோமீட்டருக்கும் குறைவான மிகச் சிறிய துளைகள் அதிகம். சிறிய வாயு மூலக்கூறுகள் அந்த ஒடுக்கமான துளைகளில்தான் நன்றாக ஒட்டிக்கொள்ளும். பஞ்சு நீரைக் குடிப்பது உறிஞ்சுதல். இது வேறு, சுவரில் பல்லி ஒட்டுவதுபோல மேற்பரப்பில் ஒட்டுவது. பள்ளிப் பாடத்தில் பரப்புக் கவர்தல் என்று படித்திருப்பீர்கள்.

இதனால் இரண்டு விளைவுகள். ஒன்று, இடம் நிரம்பிவிட்டால் கரி ஓய்ந்துவிடும். இரண்டு, ஒட்டியது கழன்றும் போகும். சூடு ஏறினாலோ ஈரப்பதம் கூடினாலோ, பிடித்துவைத்ததில் ஒரு பகுதியைக் கரி மீண்டும் அறைக்குள் விட்டுவிடும்.

இப்போது உங்கள் கறுப்புத் துணிக்கு வருகிறேன். கரி பயன்பட வேண்டுமானால் காற்று அதனுடன் சற்று நேரமாவது உரச வேண்டும். நல்ல தொழில்முறை வடிகட்டியில் சுமார் பத்தில் ஒரு நொடி கிடைக்கும்படி வடிவமைப்போம். பரவாயில்லை என்று சொல்லத்தக்க வீட்டு இயந்திரம் ஒன்றில் 300 கிராம் கரி இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அதன் கன அளவு முக்கால் லிட்டருக்கும் குறைவு. மணிக்கு 300 கன மீட்டர் காற்று அதன் வழியே பாய்ந்தால், கரியோடு இருக்கும் நேரம் நொடியில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. உங்களிடம் இருப்பதோ கரித்தூள் தெளித்த துணி. அதில் 50 கிராம் தேறினால் அதிகம். தாளித்த வாடையைச் சில வாரங்கள் குறைக்கும், அவ்வளவுதான்.

இன்னொரு கேள்வி இருக்கிறது: எந்த வாயு? வாடை போன பிறகும் எரிச்சல் இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த ஒரு வரிதான் என் மனத்தில் நிற்கிறது. மாலையில் எழுதுகிறேன், பணிக்கு நேரமாகிவிட்டது.

---

கடல்காற்று | மார்ச் 4, காலை 9.05

எண்ணூரிலிருந்து எழுதுகிறேன். 2023 டிசம்பரில் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்த இரவில், பக்கத்து வீட்டார் இதே போன்ற ஓர் இயந்திரத்தை முழு வேகத்தில் ஓடவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தார்கள். நல்லவேளை, அரைமணி நேரத்தில் அவர்களை வெளியே அழைத்துக்கொண்டு போனோம். வடிகட்டி இருக்கிறது என்ற நம்பிக்கையில் யாரும் ஆபத்தான இடத்தில் உட்கார்ந்திருக்க வேண்டாம். இதைச் சொல்லத்தான் வந்தேன்.

---

தொட்டிக்கரி | மார்ச் 4, மாலை 7.30

கடல்காற்று சொன்னது உயிர் காக்கும் செய்தி. சாதாரணக் கரி அமோனியாவை ஏறக்குறைய பிடிப்பதே இல்லை. அதற்குப் பாஸ்பாரிக் அமிலம் ஏற்றிய தனிக் கரி வேண்டும். சாக்கடை வாடைக்குக் காரணமான ஹைட்ரஜன் சல்ஃபைடுக்கு நேர்மாறாகக் காரம் ஏற்றிய கரி. கார்பன் மோனாக்சைடை எந்தக் கரி வடிகட்டியும் தடுக்காது. மூடிய அறையில் கரியடுப்போ ஜெனரேட்டரோ வைத்துவிட்டு ஏர் பியூரிஃபையரை நம்புவது சாவை அழைப்பது. கார்பன் டைஆக்சைடும் அப்படியே, அது கரிக்குள் தங்காது.

காலையில் விட்ட இடத்துக்கு வருகிறேன். புது வீட்டு வாடையில் இரண்டு கூட்டாளிகள் உண்டு. ஒன்று டொலுயீன் போன்ற கரைப்பான்கள். பெயின்ட், தின்னர், லேமினேட் ஒட்டும் ரப்பர் பசை ஆகியவற்றிலிருந்து வருபவை. மூலக்கூறு பெரியது, டொலுயீனின் கொதிநிலை 110 டிகிரி. கொதிநிலை உயர்ந்த பொருள் கரியில் எளிதாகத் தங்கும். கரிக்கு இவை மிகவும் பிடித்த இரை. அதோடு, சில வாரங்களில் தாமாகவே காய்ந்தும் போய்விடும். உங்கள் வீட்டில் போனது இந்த வாடைதான்.

மற்றொன்று ஃபார்மால்டிஹைடு. எம்.டி.எஃப்., பார்ட்டிக்கிள் போர்டு, மலிவான பிளைவுட் இவற்றில் மரத்தூளையும் மரத்தகட்டையும் ஒட்டவைப்பது யூரியா ஃபார்மால்டிஹைடு பசை. காற்றின் ஈரம் பட்டால் இந்தப் பசை கொஞ்சம் கொஞ்சமாகச் சிதைந்து அந்த வாயுவை விட்டுக்கொண்டே இருக்கும். வாரக் கணக்கல்ல, ஆண்டுக் கணக்கு. வெயிலும் புழுக்கமும் கூடினால் வாயுவும் கூடும். சென்னைக் கடலோரத்தைப் பற்றி நான் சொல்ல வேண்டுமா? உலகச் சுகாதார நிறுவனம் 30 நிமிடச் சராசரியாக ஒரு கன மீட்டர் காற்றில் 0.1 மில்லிகிராம் என்று இதற்கு எல்லை வகுத்திருக்கிறது. மூக்கு பழகி வாடை தெரியாமல் போன பிறகும் கண் எரிவதுண்டு.

இந்த ஃபார்மால்டிஹைடுதான் சாதாரணக் கரிக்குப் பிடிபடாத ஆள். மிகச் சிறிய மூலக்கூறு, கொதிநிலை கழித்தல் 19 டிகிரி. துளைக்குள் நுழையும், தங்காது. ஈரக்காற்றில் கேட்கவே வேண்டாம், அந்த இடத்தையெல்லாம் நீராவியே பிடித்துக்கொள்ளும். இதைப் பிடிக்க, வேதிப்பொருள் ஏற்றிய கரியோ, பொட்டாசியம் பெர்மாங்கனேட் ஊட்டிய அலுமினா மணிகளோ வேண்டும். அந்த மணிகள் ஊதா நிறத்தில் இருக்கும், தீர்ந்துபோனால் பழுப்பாகிவிடும். கண்ணாலேயே பார்த்து மாற்றலாம் என்பது பெரிய வசதி.

மாடித்தோட்டம் நண்பருக்கும் ஒரு சொல். அந்த நாசா ஆய்வு 1989இல் வந்தது. அதைச் செய்த வுல்வர்டன், செடிகளைக் காற்றுப் புகாத சிறு பெட்டிக்குள் வைத்துத்தான் அளந்தார். நம் வீடு அப்படி மூடிய பெட்டியல்ல. 2019இல் வெளிவந்த ஒரு மறுஆய்வு, இயல்பாக வீட்டுக்குள் நடக்கும் காற்றோட்டத்துக்கு ஈடுகொடுக்க ஒரு சதுர மீட்டருக்குப் பத்திலிருந்து ஆயிரம் செடிகள் வேண்டும் என்று கணக்கிட்டது. இன்னொன்றும் உண்டு: வுல்வர்டனே வேர்ப்பகுதியில் ஆக்டிவேட்டட் கார்பனை நிரப்பி, விசிறி வைத்துக் காற்றை அதன் வழியே செலுத்திப் பார்த்தார். செடி வளருங்கள், கண்ணுக்கும் மனத்துக்கும் நல்லது. நோயாளி இருக்கும் அறைக்கு அதை மருந்தாக நம்பாதீர்கள். மூங்கில் கரிப் பையும் ஷூ வைக்கும் பெட்டிக்குப் போதும். காற்று அதன் ஊடாகப் பாயாதபோது, அறையின் காற்றை அது என்ன செய்ய முடியும்? வெயிலில் காயவைத்தால் ஈரமும் இலேசான சில வாடைகளும் போகும், அவ்வளவே. கரியை மெய்யாகப் புதுப்பிக்க ஆலையில் 800 டிகிரி உலை வேண்டும்.

---

மாடித்தோட்டம் | மார்ச் 4, இரவு 8.10

கணக்கைப் பார்த்ததும் புரிந்தது ஐயா. பல பேருக்கு இதே யோசனையைச் சொல்லியிருக்கிறேன். இனி சரியாகச் சொல்கிறேன்.

---

சுவாசம் | மார்ச் 4, இரவு 9.45

நுரையீரல் மருத்துவராக மதுரையில் பணியாற்றுகிறேன். இணையத்தில் நோயைக் கணிக்க மாட்டேன், ஆனால் சில கேள்விகள் கேட்கிறேன்.

வீட்டை விட்டுப் போனால் சரியாகிறது, வந்தால் திரும்புகிறது என்றால் வீட்டுக்குள் ஏதோ இருக்கிறது என்பதற்கு அதைவிட வலுவான சான்று தேவையில்லை. அம்மா இரவில் ஏ.சி. போட்டுக் கதவைச் சாத்தித் தூங்குகிறாரா? ஸ்பிளிட் ஏ.சி. வெளிக்காற்றை உள்ளே கொண்டுவருவதில்லை, அறையின் காற்றையே சுற்றிச் சுற்றிக் குளிர்விக்கிறது. எட்டு மணி நேரத்தில் அலமாரி விடுவது எல்லாம் அந்த அறையிலேயே சேரும். விடியற்காலையில் எரிச்சல் அதிகம் என்பது அதனோடு பொருந்துகிறது. இந்த வயதில் கண் வறட்சியும் சேர்ந்திருக்கலாம், ஆகவே கண் மருத்துவரிடமும் காட்டுங்கள். இருமலோடு இளைப்போ நெஞ்சில் விசில் சத்தமோ இருந்தால் காத்திருக்க வேண்டாம்.

அடுத்த கேள்வி: அந்த அறையில் என்னென்ன எரிகிறது? கொசுவர்த்திச் சுருள், ஊதுபத்தி, சாம்பிராணி, கற்பூரம்?

---

சதுப்புநிலம் | மார்ச் 4, இரவு 10.20

டாக்டர், சதுப்புநிலத்துக்குப் பக்கத்தில் வீடு. கொசு தாங்க முடியாது. தினமும் மாலை ஆறு மணிக்கு அம்மாவின் அறையில் ஒரு சுருள் ஏற்றிக் கதவைச் சாத்திவிடுவோம். எட்டு மணிக்கு அணைத்துவிட்டுத்தான் ஏ.சி. போடுவோம். ஏ.சி. விடியும்வரை ஓடும். வெள்ளிக்கிழமை சாம்பிராணி உண்டு.

---

சுவாசம் | மார்ச் 4, இரவு 10.55

சுருளை இன்றோடு நிறுத்துங்கள் அம்மா. சீனாவிலும் மலேசியாவிலும் விற்ற சுருள்களை 2003இல் ஆய்ந்தவர்கள், ஒரு சுருள் முழுதும் எரிந்தால் 75 முதல் 137 சிகரெட் வரை பிடித்ததற்குச் சமமான நுண்துகள் வெளிவருவதைக் கண்டார்கள். அதோடு, சில சுருள்கள் 51 சிகரெட் அளவுக்கு ஃபார்மால்டிஹைடும் விட்டன. கவனியுங்கள், அதே ஃபார்மால்டிஹைடு! அலமாரி ஒரு பக்கம், சுருள் மறுபக்கம். நடுவில் ஒரு கறுப்புத் துணி என்ன செய்யும்?

கொசுவலை கட்டுங்கள், ஜன்னலுக்கு வலையடியுங்கள். வெள்ளிக்கிழமைச் சாம்பிராணியைக் கூடத்தில் ஜன்னல் திறந்துவைத்துப் போடுங்கள், அம்மா அப்போது மாடியில் காற்றாட இருக்கட்டும். என்னிடம் வரும் முதியவர்கள் பலர் பத்து மருந்து சாப்பிட்டுக்கொண்டே தலைமாட்டில் சுருளையும் ஏற்றிவைத்துத் தூங்குகிறார்கள். இதைச் சொல்லிச் சொல்லித் தொண்டை வற்றிவிட்டது, ஆனாலும் விடமாட்டேன்.

---

இழைப்புளி | மார்ச் 5, காலை 5.40

இருபத்திரண்டு ஆண்டுகளாகத் தச்சு வேலை செய்கிறேன். இதே போன்ற அலமாரிகளை நூற்றுக்கணக்கில் செய்தவன். இரவெல்லாம் இந்த இழையைப் படித்தேன்.

அம்மா, அலமாரியை இழுத்துப் பின்பக்கம் பாருங்கள். முன்பக்கம் அழகாக லேமினேட் இருக்கும். சுவரோடு ஒட்டும் முதுகு, அடிப்பாகம், தட்டுகளின் பின்ஓரம், கீல் பதிக்கத் துளைத்த குழி, ஒயர் போக வெட்டிய ஓட்டை, இவையெல்லாம் மேலே எதுவும் ஒட்டாத பச்சைப் பலகையாகவே விடப்பட்டிருக்கும். யாரும் பார்க்காத இடம் என்று விட்டுவிடுவது தொழிலில் வழக்கமாகிவிட்டது. வாயு வெளியேறுவது பெரும்பாலும் அந்த வெட்டு ஓரங்களில்தான். லேமினேட் ஒட்டிய பரப்பு அதைப் பெருமளவு அடைத்துவிடும். ஆகவே ஓரங்களுக்கு எட்ஜ் பேண்டிங், அதாவது ஓரத்தை மூடும் பட்டை, ஒட்டச் சொல்லுங்கள், முதுகுக்கு மெல்லிய லேமினேட்டோ, இரண்டு கை நல்ல வார்னிஷோ அடிக்கச் சொல்லுங்கள். அந்த வார்னிஷ் காயும் ஒரு வாரம் பெரியம்மா அந்த வீட்டில் இருக்க வேண்டாம்.

இனி வீடு கட்டுபவர்களுக்கு: ஈரத்தை ஓரளவு தாங்கும் எம்.ஆர். கிரேடு பிளைவுட்டில் யூரியா பசை. ஐ.எஸ். 710 தர முத்திரை உள்ள, கொதிநீரையும் தாங்கும் பி.டபிள்யூ.பி. பிளைவுட்டில் ஃபீனால் பசை. ஃபீனால் பசை விடும் வாயு மிகவும் குறைவு. விலை கூடுதல்தான். தண்ணீர் படும் சமையலறைக்கு மட்டும் அதைப் போட்டு, தூங்கும் அறைக்கு மலிவானதைப் போடுகிறோம். யோசித்துப் பார்த்தால் தலைகீழாகச் செய்திருக்கிறோம்.

ஒன்று கேட்க வேண்டும். பார்ட்டிக்கிள் போர்டை மெஷினில் அறுக்கும்போது எங்களுக்குக் கண்ணில் தாரைதாரையாக நீர் வரும். தூசி என்றே இத்தனை நாள் நினைத்திருந்தேன். பட்டறையில் இரண்டு பையன்கள் வேலை கற்கிறார்கள். துணி மாஸ்க் கொடுத்திருக்கிறேன். அது போதுமா?

---

தொட்டிக்கரி | மார்ச் 5, காலை 6.30

போதாது அண்ணா. துணி மாஸ்க் பெரிய தூசியைக் கொஞ்சம் தடுக்கும், வாயுவை அறவே தடுக்காது. அறுக்கும்போது மரத்தூசியும் வருகிறது, சூட்டில் ஃபார்மால்டிஹைடும் வருகிறது. 2004இல் கூடிய பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமையின் குழு, ஃபார்மால்டிஹைடை மனிதருக்குப் புற்றுநோய் தருவது உறுதியான முதல் பிரிவில் வைத்தது. மரத்தூசி அதற்கு முன்பே அந்தப் பிரிவில் இருக்கிறது. ஆண்டுக்கணக்கில் பட்டறையில் நிற்பவர்கள் நீங்கள். வீட்டில் இருப்பவர்களைவிட உங்களுக்குத்தான் பாதுகாப்பு அதிகம் தேவை.

அறுக்கும் மெஷினோடு தூசி உறிஞ்சும் குழாயை இணையுங்கள், அறுப்பதைத் திறந்தவெளியில் வையுங்கள். பையன்களுக்கு இரட்டை வடிகட்டி பொருத்தும் ரப்பர் முகமூடி வாங்கிக் கொடுங்கள். பாதுகாப்புச் சாதனக் கடைகளில் ஃபார்மால்டிஹைடுக்கு ஏற்றது என்று எழுதிய வடிகட்டியைக் கேட்டு வாங்க வேண்டும். அதற்குள்ளும் கரிதான் இருக்கிறது, வேதிப்பொருள் ஏற்றிய கரி. முதல் உலகப் போரில் நச்சுவாயுவுக்கு எதிராகப் படைவீரர்களைக் காத்த முகமூடியிலும் கரியே இருந்தது. 1915இல் ரஷ்ய வேதியியலர் ஜெலின்ஸ்கி மரக்கரியை வைத்து முகமூடி செய்தார். அமெரிக்காவில் பீச் பழக் கொட்டைகளையும் தேங்காய்த் தொட்டியையும் மக்களிடமிருந்து சேகரித்துக் கரி செய்தார்கள்.

நீங்கள் இதைக் கேட்டது எனக்குப் பெரிய நிறைவு. பையன்களை நினைத்துக் கேட்டீர்கள்.

---

பனைநிழல் | மார்ச் 5, பகல் 1.10

யாழ்ப்பாணத்திலிருந்து. நாங்கள் சிரட்டை என்போம். இலங்கையிலும் 1973 முதல் ஹேகார்ப் நிறுவனம் சிரட்டைக்கரியிலிருந்து ஆக்டிவேட்டட் கார்பன் செய்து உலகெங்கும் அனுப்புகிறது. மணல், கரி, கூழாங்கல் என அடுக்கி நீர் வடித்த பானையைப் பள்ளியில் எல்லோரும் படித்திருப்போம். என் ஐயம்: அடுப்பில் எரித்த சிரட்டைக்கரியை நொறுக்கி வலைப்பையில் போட்டு, விசிறி முன்னால் கட்டினால் ஆகாதா?

---

தொட்டிக்கரி | மார்ச் 5, இரவு 7.50

ஆகாது நண்பரே. நீராவி ஏற்றாத கரியில் துளைகள் மிகக் குறைவு, இருப்பவையும் தார் அடைத்துக் கிடக்கும். தூள் பறந்து நுரையீரலுக்குள் போகும் அபாயமும் உண்டு.

---

வாய்க்கால்மேடு | மார்ச் 6, காலை 8.20

தொட்டிக்கரி அண்ணன் நியாயமானவராகத் தெரிவதால் இதைக் கேட்கிறேன். நானும் காங்கேயம் பக்கம், விவசாயக் குடும்பம். எங்கள் காட்டுக்குத் தெற்கே தொட்டி சுடும் குழிகள் இருந்தன. மூட்டமாக எரித்துத் தண்ணீர் ஊற்றி அணைப்பார்கள். புகையில் மாடு கண் திறக்காது. அணைத்த தண்ணீர் மண்ணில் இறங்கி எங்கள் கிணறு பழுப்பாகி நாறியது. மூன்று ஆண்டு அந்தக் கிணற்றுத் தண்ணீரைத் தென்னைக்குக்கூட விடவில்லை. சென்னையில் ஒரு வீட்டின் காற்று சுத்தமாவதற்கு எங்கள் ஊரின் காற்றும் நீரும் கெட வேண்டுமா?

---

தொட்டிக்கரி | மார்ச் 6, இரவு 9.30

கெடவே கூடாது. நீங்கள் சொன்ன குழிகளை நானும் பார்த்திருக்கிறேன். கரி வாங்கும் ஆலைகள், அது எப்படிச் சுடப்பட்டது என்று கேட்காமல் வாங்கிய காலம் இருந்தது. அதில் என் தொழிலுக்குப் பங்கில்லை என்று சொல்ல என் மனம் ஒப்பவில்லை.

வழி இல்லாமல் இல்லை. மூடிய கலனில் தொட்டியைச் சுட்டு, வெளிவரும் புகையை வெளியே விடாமல் அதையே எரிபொருளாக எரிக்கலாம். அந்தச் சூட்டில் நீராவி உண்டாக்கிக் கரியைச் செயலூட்டவும் பயன்படுத்தலாம். தண்ணீர் ஊற்றாமல் காற்றை அடைத்தே ஆறவிடலாம். முதலீடு கூடும், கரி விலை சற்றே ஏறும். வாங்குபவர்கள் "குழிக்கரியா, கலன்கரியா" என்று கேட்கத் தொடங்கினால் மாற்றம் விரைவாக வரும். கேளுங்கள் என்று இங்கே எல்லோரையும் வேண்டுகிறேன்.

---

சதுப்புநிலம் | மார்ச் 7, இரவு 10.05

எல்லோருக்கும் கையெடுத்துக் கும்பிடுகிறேன். இழைப்புளி அண்ணன் சொன்னபடி அலமாரியை நகர்த்திப் பார்த்தோம். முதுகு முழுக்கப் பச்சைப் பலகை. கைபேசி வெளிச்சத்தில் ஓரத்தைப் பார்த்தால் மரத்தூள் அப்படியே தெரிகிறது. அம்மாவைத் தாம்பரம் அனுப்பிவிட்டோம். சுருள் நின்றுவிட்டது, கொசுவலை வாங்கியாயிற்று.

இன்னும் மூன்று கேள்விகள். ஃபார்மால்டிஹைடு அளக்கும் சிறு கருவி வாங்கலாமா? பியூரிஃபையரில் "அயனி" என்று ஒரு பொத்தான் இருக்கிறது, அது உதவுமா? கரி வடிகட்டி ஒன்றை நாமே செய்துகொள்ள முடியுமா?

---

தொட்டிக்கரி | மார்ச் 8, காலை 7.15

மலிவான கருவியை நம்ப வேண்டாம். பக்கத்தில் சானிடைசர் பாட்டிலைத் திறந்தாலே எண் எகிறும், அதற்கு ஆல்கஹாலும் ஃபார்மால்டிஹைடும் வேறுபாடு தெரியாது. அம்மாவின் கண்ணே நல்ல கருவி. அயனிப் பொத்தானை அணைத்துவையுங்கள், சில இயந்திரங்களில் அது ஓசோனை உண்டாக்கும். ஓசோன் தானே நுரையீரலை எரிக்கும் வாயு.

செய்வதானால் இப்படி. 40 சென்டிமீட்டர் சதுரத்தில் 5 சென்டிமீட்டர் தடிமனுக்கு ஒரு தட்டு, இருபுறமும் துருப்பிடிக்காத வலை. அதில் 4 கிலோ கரி கொள்ளும். 4×8 மெஷ் என்ற பருங்குருணையைக் கேளுங்கள், காற்றுக்கு அதுதான். தண்ணீர் வடிகட்டிக்கு விற்கும் பொடிக்குருணை காற்றை அடைத்துவிடும். கடைக்காரர் அயோடின் எண் சொல்வார், அது முதன்மையாக நீருக்கான அளவுகோல். காற்றுக்கு சி.டி.சி. எண்ணைக் கேளுங்கள், அது கார்பன் டெட்ராகுளோரைடு ஆவியைக் கரி எவ்வளவு பிடிக்கும் என்ற அளவு. 60 இருந்தால் நல்ல கரி. மேசை விசிறியால் இந்தத் தட்டின் வழியே காற்றைத் தள்ள முடியாது, பிளோயர் வேண்டும். மணிக்கு 150 கன மீட்டர் போனால் கரியோடு ஏறக்குறைய 0.2 நொடி கிடைக்கும். 12க்கு 11 அடி அறையின் காற்று மணிக்கு நான்கு முறை சுற்றிவரும். பிளோயரின் ஒயரிங்கை எலக்ட்ரீஷியனிடம் விடுங்கள்.

கரிக்கு முன்னால் தூசி வடிகட்டி கட்டாயம், இல்லாவிட்டால் துளைகள் அடைபடும். கரிக்குப் பின்னால் தனித் தட்டில் ஊதா மணிகள், குழந்தைகள் கைக்கு எட்டாதபடி. புதுக் கரியைச் சல்லடையில் சலித்துத் தூளை வெளியே கொட்டிவிட்டு நிரப்புங்கள். ஏ.சி. ஓடும்போது அறையின் ஈரப்பதம் குறையும், கரி நன்றாக வேலை செய்யும். மழைக்காலத்தில் அதன் திறன் இறங்கும்.

ஆனால் வரிசை மாறக் கூடாது. முதலில் ஓரம் அடைப்பது, பிறகு காற்றோட்டம், அதற்குப் பிறகுதான் கரி. பகலில் குப்பைமேட்டுப் பக்கம் காற்று வீசாத நேரங்களில் எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்து, சமையலறை எக்ஸாஸ்ட் விசிறியையும் போடுங்கள். சமையலறைச் சிம்னி குழாய் இல்லாத வகையா என்றும் பாருங்கள். அப்படியானால் அது கரி வழியே காற்றை மீண்டும் உள்ளேயே விடும். முடிந்தால் வெளியே குழாய் போட்டுவிடுங்கள்.

---

சதுப்புநிலம் | ஏப்ரல் 19, இரவு 9.20

ஆறு வாரத்துக்குப் பிறகு எழுதுகிறேன். ஓரங்கள் எல்லாம் அடைத்தாயிற்று. முதுகுக்கு லேமினேட். வேலைக்கு வந்தவர், "இதைக் கேட்ட முதல் ஆள் நீங்கள்தான்" என்றார். அம்மாவை மூன்று வாரம் கழித்தே அழைத்து வந்தோம். சிம்னிக்கு வெளிக்குழாய் போட்டோம். கரித்தட்டும் ஊதா மணியும் அம்மாவின் அறையில் ஓடுகின்றன. சத்தம் அதிகம், ஆகவே அம்மா தூங்கப்போகும் முன் மூன்று மணி நேரம் ஓடவிட்டு, இரவில் குறைந்த வேகத்தில் வைக்கிறோம். கரி வாங்கும்போது "கலன்கரியா" என்று கேட்டேன். கடைக்காரருக்குத் தெரியவில்லை, விசாரித்துச் சொல்கிறேன் என்றார்.

அம்மாவுக்கு இருமல் நின்றுவிட்டது. கண் எரிச்சல் வாரத்தில் ஒரு நாள், அதுவும் ஜன்னல் திறக்க முடியாத நாள்களில் வருகிறது. கண் மருத்துவர் வறட்சிக்கும் சொட்டு மருந்து கொடுத்திருக்கிறார். எது எவ்வளவு உதவியது என்று பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. சமையலறை மேல் அலமாரியைத் திறந்தால் இன்னும் அந்தக் காரம் முகத்தில் அடிக்கிறது. அடுத்த மாதம் அதையும் அடைக்கப் போகிறோம்.

கரி தீர்ந்ததை எப்படிக் கண்டுபிடிப்பது? எடைபோட்டுப் பார்க்கலாமா?

---

தொட்டிக்கரி | ஏப்ரல் 20, காலை 6.40

எடை ஏமாற்றும் சகோதரி, மழை பெய்தால் ஈரத்திலேயே கூடிவிடும். மணிகள் முக்கால்வாசி பழுப்பானதும் மாற்றுங்கள். கரிக்கு, தட்டின் பின்பக்கக் காற்றை முகர்ந்து பாருங்கள். அறைவாடை அதிலும் தெரிந்தால் முடிந்தது. எப்படியும் ஆறு மாதத்துக்கு மேல் வைக்க வேண்டாம். பழைய கரியைக் கீரைத் தொட்டியில் கொட்டாதீர்கள், பிடித்துவைத்ததெல்லாம் அதற்குள் இருக்கிறது. மூடிய பையில் கட்டிக் குப்பையில் போடுங்கள்.

---

இழைப்புளி | ஏப்ரல் 20, இரவு 8.55

பெரியம்மாவுக்கு இருமல் நின்றது கேட்டு மகிழ்ச்சி. பட்டறையில் தூசி உறிஞ்சி வைத்துவிட்டேன். பையன்கள் இருவருக்கும் முகமூடி வாங்கிவிட்டேன். இந்த மாதம் எடுத்த மூன்று வேலைகளிலும் முதுகுக்கும் லேமினேட் சேர்த்தே விலை சொன்னேன். இருவர் ஒப்புக்கொண்டார்கள். மூன்றாமவரிடம் இந்த இழையை அனுப்பியிருக்கிறேன்.